ஊருக்கு வரும் பணமும் ஊரைக் கடக்கும் ஆறும்



அண்மையில் நிக்காஹ் வைபவம் ஒன்றிற்காகத் தாடிக்கொம்பு சென்றிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில், குடகனாற்றை ஒட்டி அமைந்த பேரூர் அது. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களைக் காண்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வருவதால், ஊரின் பெயர் பலருக்கும் அறிமுகமானதே. விருந்து முடிந்து, அஸருக்கு இன்னும் நேரமிருந்தமையால், நிழலில் நாற்காலிகளைப் போட்டு அமர்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாருடன் வேற்றூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் எழுதுகிறவர். எனக்கு ஒரு சந்தேகம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு வரி ஏறியது. ஊருக்குச் சர்க்கார் பணம் வருகிறது என்றும் சொல்கிறார்கள். வருகிற பணத்துக்கும் ஏறிய வரிக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பணம் எதற்காக வருகிறது?" என்று கேட்டார்.

அருகிலிருந்த எவருக்கும் முழுமையான விடை தெரியவில்லை. எனக்கும் அப்போது தெளிவாகச் சொல்ல இயலவில்லை. "இன்ஷா அல்லாஹ், விசாரித்து எழுதுகிறேன்" என்று வாக்களித்து வந்தேன். அவ்வாக்கை நிறைவேற்றவே இம்மாதக் கட்டுரை.

வரி ஏன் ஏறியது?

நம் நாட்டில் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை மத்திய நிதிக்குழு அமைக்கப்படுகிறது. மத்திய அரசு திரட்டும் வரிப்பணத்தில் மாநிலங்களுக்கும், ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு, எந்த நிபந்தனையின் பேரில் வழங்கலாம் என்று அக்குழு பரிந்துரைக்கும். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பரிந்துரை வழங்கியது 15ஆவது நிதிக்குழு. நகர உள்ளாட்சிகளுக்குரிய மானியத்திற்கு அது இரு முக்கிய நிபந்தனைகளை விதித்தது. உள்ளாட்சிகளின் வரவு செலவுக் கணக்குகளைப் பொதுமக்கள் காணுமாறு இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது ஒன்று. மாநில அரசு சொத்து வரிக்கு அடிப்படை விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்திற்கேற்ப வரி வசூலும் வளருமாறு செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

அதன் விளைவே 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வு. பேரூராட்சிக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1200 சதுர அடி வரை 50 சதவீதம், 1800 சதுர அடி வரை 75 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 100 சதவீதம் என்ற அளவில் உயர்வு அமைந்தது. ஆகவே பெரியவர் ஐயுற்ற சம்பந்தம் உண்மையில் இருக்கவே செய்கிறது. ஊருக்கு மானியம் வர வேண்டுமென்றால் ஊர் மக்களும் தம் பங்கை உயர்த்த வேண்டும் என்பதே அதன் பொருள்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. பத்து இலட்சத்திற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான அம்மானியத்தில் 60 சதவீதத்தை விருப்பம் போல் செலவிட அக்குழு இடமளிக்கவில்லை. அதில் ஒரு பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீரின் மறுபயன்பாடு ஆகியவற்றிற்கும், மறுபாதி துப்புரவு, குப்பை மேலாண்மை ஆகியவற்றிற்கும் உரியதாயிருந்தது. நாம் கட்டிய வரியை முன்னிட்டு வந்த பணத்தின் பெரும்பகுதி, நிபந்தனைப்படியே தண்ணீருக்கும் தூய்மைக்கும் உரிய பணமாக இருந்தது. இதை அறிந்த இல்லத்தரசி ஒருவர், "எங்கள் தெருவின் மழைநீர் எங்கே போகிறது?" என்று பேரூராட்சியைக் கேட்கலாம். அறியாதவர் வரி ரசீதை மடித்து அலமாரியில் வைப்பதோடு நின்றுவிடுவார்.

சிற்றூர்களுக்குப் பணம் வந்த கதை

சிறு நகரங்களுக்கு அரசு நிதி வழங்குவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. கிராமங்களை விட்டு மக்கள் சென்னை, பம்பாய் போன்ற மாநகரங்களை நோக்கிக் குவிவதைத் தடுக்க வேண்டுமானால், இடைப்பட்ட ஊர்களில் சந்தை, சாலை, பேருந்து நிலையம் முதலியவை வளர வேண்டும் என்ற எண்ணத்தில், 1979-80இல் சிறு மற்றும் நடுத்தர நகரங்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2005 டிசம்பரில் வேறொரு பெருந்திட்டம் வந்தபோது அது அதனுள் கலந்தது. புதிய ஏற்பாட்டில் சிறு நகரங்களின் திட்டச் செலவில் 80 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது.

நம் மாநிலத்தில் நடந்த சுவையான நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்லலாம். 2004ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' என்று மாற்றப்பட்டன. ஊர்கள் சிறுத்துப் போனதால் நேர்ந்த மாற்றமன்று இது. கிராமங்களுக்கென மத்திய அரசு ஒதுக்கும் நிதி, பேரூராட்சி என்ற பெயரால் இவ்வூர்களுக்குக் கிட்டாமல் போகிறதே என்ற கவலையே காரணம். 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. பின்னர் 2007-08 முதல் 'அனைத்துப் பேரூராட்சி அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்ற பெயரில், பேரூராட்சி ஒன்றுக்கு 50 இலட்சம் ரூபாய் வீதம் மாநில அரசு வழங்கியது. 2021இல் கலைஞர் நகர்ப்புர மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'அம்ருத்' திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஒரு இலட்சத்திற்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் குடிநீர், நீர்நிலைச் சீரமைப்புப் பணிகளுக்குத் திட்டச் செலவில் பாதியை ஏற்க முன்வந்தது. இவற்றோடு, மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம், மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இத்தனை வாய்க்கால்களில் பணம் வரும்போதும் பல ஊர்களில் நாம் காண்பது என்ன? பெயர்ந்த சாலைமீது புதிய சாலை. மழைநீர் போக வழியின்றி எழுந்த வடிகால். அடுத்த ஊரின் எல்லையில் போய் நின்றுவிடும் கால்வாய். பணம் வருமுன் ஊர் தனக்கென ஒரு திட்டத்தை வகுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே பணம் வந்த பிறகு, விரைவில் செலவிட எது எளிதோ அதுவே பணியாகிவிடுகிறது. வீட்டில் திருமணம் வைத்திருப்பவர் முதலில் பட்டியல் எழுதுகிறார். பிறகே கடைக்குச் செல்கிறார். பட்டியலின்றிக் கடைக்குச் சென்றவர் கைப்பணத்தைத் தீர்த்துவிட்டு, வேண்டிய பொருளின்றி வீடு திரும்புவார்.

கப்பலின் இரு தளங்கள்

ஊர் தனக்குள் திட்டமிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குக் குடகனாறே சான்று.

இவ்வாறு பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் பிறக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அது திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் வழங்குவது. அங்கிருந்து அனுமந்தராயன்கோட்டை, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியே அழகாபுரி அணையை அடைந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கிறது. ஆத்தூர்ப் பகுதியில் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்ற பிணக்கு, மேற்பகுதி விவசாயிகளுக்கும் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கும் இடையே அண்மைக் காலத்தில் பெரிதாக எழுந்தது. வறட்சியில் மட்டுமல்ல, வெள்ளத்திலும் இவ்வூர்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவையே. 1977இல் கட்டி முடிக்கப்பட்ட அழகாபுரி அணை, அதே ஆண்டின் பெருவெள்ளம் கரைமீது வழிந்து உடைந்ததை அப்பகுதி முதியோர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்றுக்குப் பேரூராட்சி எல்லை தெரியாது. மேலேயுள்ள ஊர் சாக்கடையைத் திறந்துவிட்டால், கீழேயுள்ள ஊர் எவ்வளவு மானியம் பெற்றுக் கிணறு வெட்டினாலும் பயனில்லை. கீழேயுள்ள ஊர் மணலை அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கினால், அக்கம்பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்தே வற்றும். ஊர்களைத் தனித்தனியே பார்க்காமல், ஒரே நீரையும் ஒரே சாலையையும் ஒரே சந்தையையும் பகிரும் ஊர்களை ஒன்றாகப் பார்த்துத் திட்டமிடுவதையே 'மண்டலத் திட்டமிடல்' என்கின்றனர்.

கேட்கப் புதுமையாக இருப்பினும், கருத்து நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் பலமுறை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஒரே கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்கின்றனர். கீழே இருப்போர் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வர வேண்டியிருக்கிறது. மேலிருப்போருக்குத் தொல்லை தருவானேன், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டையிட்டுக் கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகின்றனர். மேலிருப்போர் அவர்களைத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். தம் பாட்டுக்கு விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். இவ்வுவமையில் கீழ்த்தளத்தார் தீயவர்கள் அல்லர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்களுக்குத் தேவை தண்ணீர். தம் இடத்தில் தாம் செய்வது தம்மோடு போய்விடும் என்று நினைத்ததே அவர்கள் பிழை.

நம் கை பட்ட பிழை

இவ்விடத்தில் நம் சமுதாயம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர்களின் பங்கு பெரிது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போலவே இங்கும் 'தோல்ஷாப்பு'கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உணவளித்தன. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் எழ உதவின. அதே தொழிலின் கழிவுநீர் ஓடைகளிலும் குளங்களிலும் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது என்பதும் உண்மையே. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பர். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவி நீக்குவர். அவ்வுப்பு நீரோடு நிலத்தில் இறங்கினால், வயலும் கிணறும் தலைமுறைக்கும் பாழ். இந்த ஓட்டையை இட்டவர்களும் தீயவர்கள் அல்லர், பிழைப்பைத் தேடியவர்களே.

1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தர வேண்டும். கேடு நேருமுன் தடுக்க வேண்டும். இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் வாழ்வைக் கெடுக்காத 'நிலைத்த வளர்ச்சி'யே வளர்ச்சி என்பன அதன் அடிப்படைகள். வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டு மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்தின் தோல் தொழிற்சாலைகளையும் அத்தீர்ப்பு பெயர் சொல்லிக் குறித்தது. மாசுபடுத்திய ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த ஆணையிட்டது.

இங்கேயும் அரசு நிதியின் பங்கைக் கவனியுங்கள். சிறு ஆலை ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது இயலாத காரியம். எனவே பல ஆலைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால், செலவில் கால்பங்கை மத்திய அரசும் கால்பங்கை மாநில அரசும் தருவது, மீதிப் பாதியைத் தொழில் செய்வோர் கடனாகவும் சொந்த முதலாகவும் திரட்டுவது என்ற ஏற்பாடு 1990களில் நடைமுறையில் இருந்தது. திண்டுக்கல்லிலும் அத்தகைய நிலையம் எழுந்தது. தனித்தனியே முடியாதது கூடியபோது முடிந்தது. ஆயினும் நாற்றத்தையும் அழுக்கையும் நீக்கும் வழக்கமான சுத்திகரிப்பு, கரைந்த உப்பை நீக்காது. அதற்குத் தனி இயந்திரங்களும் மிகுந்த மின்சாரமும் வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் சிறு செலவில் தடுத்திருக்கக் கூடியதை, பின்னர் பெருஞ்செலவிலும் முழுமையாக மீட்க முடியவில்லை. இப்பாடத்தை நாம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். மறந்துவிட்டால் கொடுத்த விலை வீண்.

சட்டம் திறந்த கதவு

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடமளித்தது. அத்திருத்தம் மாவட்டத்திற்கொரு திட்டக்குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்குக் குறையாதோர், ஊராட்சி, நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஊர்கள் தயாரித்த திட்டங்களை ஒன்றிணைத்து, நில அமைப்பு, தண்ணீர்ப் பங்கீடு, சாலை முதலிய அடிப்படை வசதிகள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கருதி மாவட்ட வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிப்பது அக்குழுவின் பணி. குடகனாற்றின் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஒரே மேசைமுன் அமர்த்துவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன? சட்டத்தில் இருப்பதை நடைமுறையில் உயிர்பெறச் செய்வது மக்களின் விழிப்பைப் பொறுத்தது.

மலைக்கு அப்பாலுள்ள கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் பணத்தை வெறுமனே கொடுத்துவிடவில்லை. ஊர்க்கூட்டம் கூடித் தேவைகளைச் சொல்ல வேண்டும். ஊரின் வளங்களையும் குறைகளையும் எழுதிய அறிக்கை தயாராக வேண்டும். அதிலிருந்தே பணிகள் பிறக்க வேண்டும் என்று முறை வகுத்தது. முதலில் பட்டியல், பிறகு பணம். தமிழ்நாட்டிலும் 2022 முதல் நகர உள்ளாட்சிகளில் 'பகுதி சபை' என்ற மக்கள் கூட்டத்திற்கு விதிகள் உள்ளன. அக்கூட்டங்களில் நம்மில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்?

ஜமாஅத் செய்யக்கூடியவை

கலந்தாலோசனை செய்து காரியமாற்றுவதை நம்பிக்கையாளர்களின் பண்பாகத் திருமறை எடுத்துரைக்கிறது. நாமோ 'மஷூரா'வைப் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஊரின் பொதுக் காரியமும் அதில் அடங்கும்.

முதலாவதாக, நம் வீட்டிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் தொடங்குவோம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகளில் எத்தனை இன்று மண்மூடிக் கிடக்கின்றன? உளூச் செய்த நீர் சாக்கடையில் கலப்பதற்குப் பதிலாக, தென்னைக்கோ நிலத்தடிக் குழிக்கோ செல்லுமாறு வழி செய்வது கொத்தனார் ஒருவரின் சில நாள் வேலை. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் நீரை விரயம் செய்யாதீர் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

இரண்டாவதாக, ஊரின் பட்டியலை எழுதுவோம். ஊரிலுள்ள குளங்கள் எவை, அவற்றிற்கு நீர் வரும் ஓடைகள் எவை, எங்கே அடைபட்டுள்ளன, சாக்கடை எங்கே ஆற்றில் சேர்கிறது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பவற்றை நம் பட்டதாரி இளைஞர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் எழுதிவிடலாம். பிற சமுதாயச் சகோதரர்களையும் அழைத்துச் செய்வதே முறை. கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நிலத்தடி நீர் ஒன்றே. அப்பட்டியலைப் பகுதி சபையிலும் பேரூராட்சி மன்றத்திலும் எழுத்து மூலம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குவோம்.

மூன்றாவதாக, கையை நீட்டுவதோடு கையைப் பையிலும் இடுவோம். 1997-98இல் தொடங்கப்பட்டு 2021இல் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுப்பணி ஒன்றுக்கு ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் ஏற்பாடு உண்டு. ஊர் 3 இலட்சம் திரட்டினால் 9 இலட்சத்திற்குப் பணி நடக்கும். மதீனாவில் மக்கள் நல்ல நீரை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தபோது, ரூமா கிணற்றை வாங்கிப் பொதுவுக்கு விட்டார்கள் உதுமான் (ரலி) அவர்கள். ஹாரூன் அல் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார், ஹஜ் பயணிகளின் தாகம் தீர மக்கா நகருக்கு நீர்க்கால்வாய் அமைத்த புகழை நாம் பேசாத மேடையில்லை. ஆடம்பர விருந்துகளின் செலவில் ஒரு சிறு பகுதியை ஊர்க்குளத்தின் கணக்கில் சேர்த்தால், அது நம் மறைவுக்குப் பின்னும் நன்மை தரும் நிலையான தர்மமாகும்.

நான்காவதாக, கணக்குக் கேட்போம். கணக்கை வெளியிடுவது மானியத்தின் நிபந்தனை என்பதை மேலே கண்டோம். யூப்ரடீஸ் கரையில் ஒரு கால்நடை கால் இடறினால்கூட, ஏன் பாதையைச் செப்பனிடவில்லை என்று இறைவன் தம்மைக் கேட்பானே என்று அஞ்சியவர்கள் உமர் (ரலி) அவர்கள். அத்தகைய பொறுப்புணர்ச்சியை ஆட்சியாளரிடம் எதிர்பார்க்கும் நாம், வரி செலுத்திய குடிமகனுக்கும் பொறுப்பு உண்டென்பதை மறக்கலாகாது. கேள்வி பகையாக இருக்க வேண்டியதில்லை; பேரூராட்சி அலுவலரும் நம் தெருவில் வாழ்பவரே. பணிவாக, எழுத்தாக, தொடர்ச்சியாகக் கேட்டால் விடை கிடைக்கும்.

அன்று நிழலில் அமர்ந்து கேட்ட அப்பெரியவருக்கு இதுவே என் விடை: உங்கள் வரியும் சர்க்கார் பணமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. எங்கே செல்ல வேண்டும் என்ற வழியை மட்டும் அவை அறியா. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் நானும். விருந்து முடிந்து திரும்பும்போது குடகனாற்றுப் பாலத்தில் வண்டியைச் சற்றே நிறுத்திப் பார்த்தேன். கீழே ஆறு, மேலேயுள்ள ஊர்கள் எதை விட்டனவோ அதைச் சுமந்து, கீழேயுள்ள ஊர்களை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

நாம் எந்தத் தளத்தில் இருந்தாலும், ஒரே கப்பலின் பயணிகள் என்ற உணர்வோடு வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.